பாதி போயிற்று என்றால், எந்தப் பாதி?

களைக்கொல்லி எச்சம் பார்க்க மண் மாதிரி கொண்டுவருபவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான்: "எவ்வளவு சார் போயிருக்கு?" பாதி போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது சில மருந்துகள் விஷயத்தில் கை தயங்குகிறது.

டைகுளோர்ப்ராப், மெக்கோப்ராப் போன்ற களைக்கொல்லிகளின் மூலக்கூறு ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. அதே தோல், அதே எடை; ஆனால் இடது வலதாகாது. ஆர், எஸ் என்று பெயர். களையைக் கொல்வது ஆர். எஸ் சரிபாதியாகச் சும்மா கூடவே வருகிறது. சோதனைக் கருவியில் மருந்தைப் பிரித்துக் காட்டும் வழக்கமான குழாயில் (அதைக் 'காலம்', column, என்போம்) இரண்டும் வரைபடத்தில் ஒரே முகடாகத் தெரியும். இடது வலது பேதம் பார்க்கும் 'கைரல்' காலம் போட்டால்தான் பிரியும்.

வெயிலுக்கும் தண்ணீருக்கும் இந்தப் பேதம் கிடையாது. நுண்ணுயிருக்கு உண்டு. 1850களிலேயே லூயி பாஸ்டர், டார்டாரிக் அமில உப்பில் வளர்ந்த பூஞ்சணம் ஒரு வடிவத்தை மட்டும் தின்று மற்றதை மிச்சம் வைத்ததைக் கண்டார். ஆகவே மண்ணில் ஆரும் எஸ்ஸும் சரிபாதியாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால், அங்கே ஏதோ உயிர் வேலை பார்த்திருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்ஃபிங்கோமோனாஸ் ஹெர்பிசிடோவோரன்ஸ் என்றொரு பாக்டீரியா. பெயரிலேயே களைக்கொல்லியைத் தின்பது என்று இருக்கிறது! மெக்கோப்ராப்பின் இரண்டு வடிவத்தையும் முழுக்கத் தின்றுவிடும், ஆனால் எஸ்தான் வெகு சீக்கிரம் காலியாகும். ஆருக்கு ஒரு என்சைம், எஸ்ஸுக்கு வேறொரு என்சைம். எஸ் மட்டும் கொடுத்து வளர்த்த செல்களிடம் ஆரை நீட்டினால் தொடவே இல்லை என்று 1996இல் வெளியான ஆய்வு சொன்னது.

சிக்கல் இங்கேதான். எஸ் முழுக்கப் போய் ஆர் அப்படியே நின்றாலும் என் ரிப்போர்ட்டில் 'பாதி போயிற்று' என்றுதான் வரும். களையைக் கொல்லும் வீரியம் துளியும் குறைந்திருக்காது. அடுத்த பயிருக்கு அதுதான் ஆபத்து.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி தின்பதும் இல்லை. 1999இல் வந்த ஓர் ஆய்வில், பிரேசிலின் மேய்ச்சல் நில மண் மாதிரிகள் ஏறக்குறைய எல்லாமே டைகுளோர்ப்ராப்பின் வேலை செய்யாத வடிவத்தை முதலில் தின்றன. காட்டு மண்ணில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே வேகத்திலோ, கொல்லும் வடிவத்தை வேகமாகவோ தின்றன. மண்ணில் சத்து சேர்த்தபோது, டைகுளோர்ப்ராப்பின் மெத்தில் எஸ்டர் என்ற வேதிச் சேர்மத்தின் விஷயத்தில், விருப்பம் வேலை செய்யாத வடிவத்தின் பக்கம் பலமாகச் சாய்ந்தது. எரு போட்டால் மருந்து சீக்கிரம் போய்விடும் என்று நாம் சொல்லிப் பழகியது எல்லா மருந்துக்கும் பொருந்துமா என்று அதைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

அதனால் இப்போது மாதிரியோடு பாட்டில் லேபிளின் போட்டோவும் கேட்கிறேன். உளுந்துக்கு அடிக்கும் குய்சலோஃபாப் போன்றவற்றில் பெயரோடு 'பி' ஒட்டியிருந்தால், வேலை செய்யும் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்தது என்று பொருள். பெரும்பாலும் ஒரு முகடு போதும். 'பி' இல்லையென்றால் கைரல் காலம் மாட்ட வேண்டும், ரிப்போர்ட் இரண்டு நாள் தாமதமாகும். அதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.