உட்கோட்டம்: ‘இம்ப்ளிசிட் பயஸ்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்

ஒருவர் தாமே அறியாத நிலையில் அவர் மனம் ஓர் இனத்தார் பக்கமோ அவர்களுக்கு எதிராகவோ சாய்ந்திருப்பதை ‘இம்ப்ளிசிட் பயஸ்’ என்பர். முதற்சொல் ‘உள்ளே மடித்து வைத்தது’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்தும், அடுத்தது சாய்வைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும் வந்தவை. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், புல்தரையில் உருட்டி விளையாடும் பந்து ஒருபுறமாக வளைந்தோடுவதைப் ‘பயஸ்’ என்றனர்.

1998இல் உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஐ.ஏ.டி. (இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட்) சோதனை, இச்சாய்வை அளக்க முயன்றது. திரையில் கறுப்பின, வெள்ளையின முகங்களும் நல்ல, தீய சொற்களும் மாறி மாறித் தோன்றும். ஒரு சுற்றில் வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசையை அழுத்த வேண்டும். மறுசுற்றில் அந்த விசை கறுப்பு முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் உரியதாகும். இரு சுற்றுகளிலும் விரல் எடுத்துக்கொள்ளும் மில்லிநொடிகளின் வேறுபாட்டிலிருந்தே மதிப்பெண் கணக்கிடப்படுகிறது.

அம்மதிப்பெண் நடத்தையை முன்னுரைக்குமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கிரீன்வால்டு, செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பனாஜி முதலியோர் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, கறுப்பு-வெள்ளை இனச் சோதனைக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.24 அளவில் இருந்தது. 2013இல் ஆஸ்வால்டு குழுவினரின் தொகுப்பில் அது ஏறத்தாழ 0.15 ஆகக் குறைந்தது. 0.15 என்றால், நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 2 விழுக்காட்டையே சோதனை விளக்குகிறது. 2019இல் 492 ஆய்வுகளைத் திரட்டிய ஃபார்ஷர் குழுவினர், மதிப்பெண் மாறியதனால் நடத்தை மாறியது என்பதற்குச் சான்று காணவில்லை. சிறிய விளைவும் பெருந்திரளான மக்களிடையே பெரிதாகும் என்று வாதிடும் கிரீன்வால்டும் பனாஜியும்கூட, தனிமனிதர் எவரையும் இச்சோதனையால் தீர்ப்பிடக் கூடாது என்கின்றனர்.

ஆகவே, ‘மறைமுகப் பாகுபாடு’ என்னும் மொழிபெயர்ப்பைக் கைவிடுவதே நேர்மை. பாகுபாடு என்பது செயல், அச்செயல் நிகழுமா என்பதே இன்னும் முடியாத வினா. ‘உள்ளார்ந்த சார்பு’ பிறவிக்குணம் என்ற மயக்கத்தைத் தருகிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட ‘உட்கோட்டம்’ (குறள் 119) மிகப் பொருந்தும்: கோட்டம் என்றால் வளைவு; சொல்லில் வெளிப்படும் ‘சொற்கோட்டம்’ வேறு, நெஞ்சின் ‘உட்கோட்டம்’ வேறு என அக்குறள் பிரித்தே வைக்கிறது. காவல்துறை நிர்வாகத்தில் ‘உட்கோட்டம்’ துணைப்பிரிவையும் குறிப்பதால், குழப்பம் நேரக்கூடிய இடத்தில் ‘மன உட்கோட்டம்’ என்று எழுதலாம்.