பக்கத்துக் காணியில் கிரவல் அகழ்ந்தால் கிணற்றுக்காரர் என்ன கேட்கலாம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் கிணறுதான் கதி. பக்கத்துக் காணிக்குள் பெக்கோ இறங்கினால் கிணற்றுக்காரர் கலங்குவது நியாயமே.

"என் காணி, நான் கிண்டுவேன்" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி, மண் யாருடையதாக இருந்தாலும் அதற்குள் கிடக்கும் கனியம் அரசுக்குரியது. வியாபாரத்துக்காகக் கிரவலோ மணலோ சுண்ணக்கல்லோ அகழவும் ஏற்றிச் செல்லவும் விற்கவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும்.

கிரவல் அள்ளினால் கிணறு ஏன் இறங்க வேண்டும்? குழி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றால் பெரும்பாலும் இறங்காது. அங்கே கெடுதல் வேறு விதம்: மழைநீரை வடித்து அனுப்பும் மண் போய்விடுவதால் எண்ணெயும் அழுக்கும் நேரே ஊற்றுக்குப் போகும். நீர்மட்டத்தைத் தாண்டிக் கிண்டினால்தான் உண்மையான தொல்லை. குழி திறந்த கிணறாகிக் கோடை வெயிலில் நீரை இழக்கிறது. வேலை நடக்கக் குழி காய வேண்டும் என்று இரவுபகலாகப் பம்ப் பூட்டி இறைத்தால், சுற்றுக் கிணறுகளின் நீர் குழியை நோக்கி நகர்கிறது. எனவே அனுமதிப்பத்திரத்தில் பலரும் பரப்பளவைத் தேடுவார்கள். நான் முதலில் பார்ப்பது ஆழத்தை.

குடாநாட்டுக்குக் கிரவல் பெரும்பாலும் வன்னியிலிருந்து டிப்பரில் வருகிறது. இங்கே கிண்டப்படுவது அதிகமாகச் சுண்ணக்கல்லும் மணலும். ஆபத்தும் இங்கேதான் கூட. நமது நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 1 அடி நிரந்தரமாகக் குறைந்தால் கீழிருந்து உவர் நீர் அந்த 40 அடி அளவுக்கு மேலேறப் பார்க்கும். கிணறு வற்றாது, சவராகும்.

இயந்திரம் போட்டுச் சுண்ணக்கல்லோ கருங்கல்லோ அகழும் இடம் குடியிருப்பிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இருந்தால், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானிப்படி சுற்றாடல் மதிப்பீட்டு அங்கீகாரமும் தேவை. முழு மதிப்பீட்டு அறிக்கை கோரப்பட்டால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. நெருக்கமாக வீடுகள் உள்ள குடாநாட்டில் 1 கிலோமீற்றருக்கு அப்பால் போவது எளிதா என்ன?

அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பணியகத்திடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

முறைப்பாடு தோற்பது பெரும்பாலும் கிணற்று நீர்மட்டத்தின் முந்திய அளவு கையில் இல்லாததால். ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, விடியற்காலையில் மோட்டார் போடும் முன் கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து இறக்குங்கள். கல் நீரைத் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு அடிக்கோலால் அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். மழை பெய்த நாளையும் குறியுங்கள். கோடையில் நீர் தானாகவும் இறங்கும், "அது கோடை" என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே குழியிலிருந்து தொலைவில் உள்ள ஒரு கிணற்றையும் அதே நாளில் அளப்பது நல்லது. உவர்த்தன்மைக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூட அறிக்கை, நாக்கின் சாட்சியைவிட வலுவானது.

இந்த அளவுகளை இணைத்துப் பணியகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதேச செயலருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அசையாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போகலாம். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டதையும் சட்டத்தரணிக்கு நினைவூட்டுங்கள்.

வேலை முடிந்த பிறகும் ஒரு கண் வேண்டும். நிலத்தைச் சீராக்குவது அனுமதி பெற்றவரின் கடமை. குழியைக் குப்பையால் நிரப்புகிறார்கள் என்றால் அன்றே படமெடுத்துப் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.