ஒரே கதை, முட்டத்தில் ஒன்று, குலசேகரத்தில் வேறொன்று

"விடிந்து வெகுநேரமாகியும் அவன் திரும்பவில்லை."

ஒரு சிறுகதை இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அவன் யார், எங்கே போனான் என்று இன்னும் சொல்லவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் நான்கு பிள்ளைகள் இந்த வரியை வாசிக்கிறார்கள்.

முட்டத்தில் வள்ளக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அடிவயிறு கலங்கும். ராத்திரி போன வள்ளம் விடியும்போது கரைக்கு வந்தாக வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது அவள் சின்னப் பிள்ளை. கரையில் பெண்கள் நின்ற நிலையை மறந்திருக்க மாட்டாள். குலசேகரத்துப் பையனுக்கோ இதில் என்ன பதற்றம் என்றே புரியாது. அவன் அப்பா இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிந்து நிறையும்வரை காத்திருந்து, சேகரித்துக் கொடுத்துவிட்டு அவர் வீடு வர வெயில் ஏறிவிடும். தோவாளைப் பெண் 'இன்றைக்குப் பூ விலை போகவில்லை போல' என்று நினைக்கலாம். தூத்தூர்க்காரன், ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பாத ஆட்களைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு விடியல் அவனுக்குக் கணக்கிலேயே வராது.

நான்கு பேருக்கும் தமிழ் தெரியும். நான்கு சொற்களுக்கும் பொருள் தெரியும். ஆனாலும் நாலு பேர் தலைக்குள்ளும் நாலு கதை ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் பொருளைப் புரிந்துகொள்கிறோம், அப்புறம் அதற்கு ஓர் உணர்ச்சி வருகிறது, கடைசியில் 'கருத்து' எழுதுகிறோம் என்றுதான் வகுப்பறை நம்புகிறது. மூளை இந்த வரிசையில் வேலை செய்வதில்லை.

வாசிக்கும்போது நாம் சொற்களைச் சேமித்து வைப்பதில்லை. அந்தச் சொற்கள் சொல்லும் சூழலை மனத்தில் கட்டி எழுப்புகிறோம். உளவியலில் இதற்குச் சூழல் மாதிரி என்று பெயர். யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, பொழுது என்ன, அவருக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ரால்ஃப் ஸ்வானும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். கழுகு வானத்தில் இருப்பதாக ஒரு வாக்கியம், கூட்டில் இருப்பதாக இன்னொரு வாக்கியம். வாசித்து முடித்ததும் ஒரு படத்தைக் காட்டி, இந்தப் பொருள் வாக்கியத்தில் வந்ததா என்று கேட்டார்கள். வானம் என்று வாசித்தவர்கள், சிறகு விரித்த கழுகுப் படத்துக்கு வேகமாகப் பதில் சொன்னார்கள். கூடு என்று வாசித்தவர்களுக்குச் சிறகு மடக்கிய படம் சுலபமாக இருந்தது. சிறகைப் பற்றி வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதை வாசித்தவர்களே போட்டுக்கொண்டார்கள்.

2009-இல் நிக்கோல் ஸ்பியர், ஜெஃப்ரி சாக்ஸ் குழுவினர் எம்ஆர்ஐ கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துக் கதை வாசிக்கச் செய்தார்கள். பாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடம் வந்தபோது, நிஜத்தில் நாம் கையை நீட்டிப் பொருளை எடுக்கும்போது வேலை செய்யும் மூளைப்பகுதிகளில் சலனம் தெரிந்தது. ஆக, கதைக்கான சரக்கு வாசகரின் சொந்த அனுபவக் கிடங்கிலிருந்துதான் வருகிறது. முட்டத்துப் பெண்ணின் கிடங்கில் கடல் இருக்கிறது, குலசேகரத்துப் பையனிடம் ரப்பர்க் காடு இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல், விளவங்கோட்டு மலையாளத் தமிழ், கடற்கரைத் தேவாலயம் எல்லாம் சில பத்து கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வந்துவிடும் மாவட்டம் இது. ஒரே வகுப்பில் இவ்வளவு வேறுபட்ட கிடங்குகள் உட்கார்ந்திருப்பது வேறெங்கும் அவ்வளவு எளிதில் வாய்க்காது என்று எனக்குத் தோன்றும்.

கிடங்கில் இல்லாத சரக்கு கதையில் வந்தால் என்ன ஆகும்? இதற்கான விடை 1932-லேயே வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக்கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். சில நிமிடங்கள், சில நாட்கள், சில மாதங்கள் கழித்து அதே கதையைத் திரும்ப எழுதச் சொன்னார். மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. ஆவிகள் பலருடைய கதையில் காணாமலே போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. அப்படித்தான் வாசித்தோம் என்றே நம்பினார்கள். எங்கோ பனிநாட்டில் நடக்கும் ஒரு கதையை இங்கே ஒரு மாணவி தன் சொற்களில் சொல்லும்போது அதில் தென்னையும் தாழ்வாரமும் நுழைந்துவிட்டால், அவளைக் கவனக்குறைவானவள் என்று சொல்லக்கூடாது. நினைவு வேலை செய்யும் முறையே அதுதான்.

சரி, மனக்காட்சி வரைக்கும் ஒப்புக்கொள்ளலாம். பொய் என்று தெரிந்த கதைக்கு உடம்பு ஏன் ஆடுகிறது?

இதைப் பார்க்க நம் ஊர்க் கொடைவிழாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் போதும். வில்லுப்பாட்டில் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை ஓடுகிறது. கணியாகுளத்துப் போரில் அவர் மடியப் போகிறார் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கெட்ட கனவு கண்டு, போக வேண்டாம் என்று வீட்டுப் பெண்கள் தடுக்கும் இடம் வந்ததும், முடிவு தெரிந்த அந்தக் கூட்டமே போகாமல் இருந்துவிடமாட்டாரா என்று ஏங்குகிறது. வீசுகோல் வில்லில் விழும் வேகம் கூடக்கூட மயிர்க்கூச்செறிகிறது.

உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபர் என்பது அங்கே பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அவர் பதவியை ஏற்கத் தயங்கினார் என்று பதற்றமூட்டும் விதமாக எழுதிய பத்தியை வாசித்தவர்கள், 'வாஷிங்டன் முதல் அதிபர் ஆனார்' என்ற வாக்கியத்தை உண்மை என்று உறுதிசெய்யக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்த செய்தி நினைவில் இருக்கிறது, ஆனால் கதைக்குள் இருக்கும்போது மனம் அதை உடனே எடுத்துப் பார்ப்பதில்லை. கதை ஒவ்வொரு கணமும் 'அடுத்து என்ன' என்ற கேள்வியை எழுப்புகிறது. அந்தக் கணத்துக்குத்தான் மூளை பதில் சொல்கிறது.

உணர்ச்சியை எழுப்பும் அமைப்புகள் மிகப் பழையவை. தத்ரூபமான ஒரு காட்சி மனத்தில் எழுந்தால் போதும், பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்பட்டு இதயம் வேகமாகும். மயிர்க்காலின் அடியில் உள்ள சிறு தசை சுருங்கி ரோமம் நிற்கும். 'இது கதைதான்' என்ற அறிவு செயலைத் தடுக்கிறது, அதனால்தான் யாரும் மேடைக்கு ஓடிப்போய் இரவிக்குட்டியின் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனால் அந்த அறிவு கண்ணீரைத் தடுப்பதில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் எட்டாகப் பிரித்து எழுதி வைத்ததும் உடம்பில் வெளிப்படும் இந்த மெய்ப்பாடுகளைத்தான். நம் வினாத்தாள்களில் இந்த எட்டையும் பெயர் சொல்லக் கேட்பார்கள். வாசித்தபோது உனக்கு எது வந்தது என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கூட்டமாகக் கேட்பதில் இன்னொன்றும் சேர்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒலிவடிவக் கதையைப் பலர் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் கதையின் அதே அதே இடங்களில் அவர்களுடைய இதயத்துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்கியது. மனசுக்குள் எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொல்லிக் கவனத்தைக் கலைத்தபோது அந்த ஒற்றுமை குறைந்தது. ஸ்பெயின் நாட்டுக் கிராமம் ஒன்றின் தீமிதித் திருவிழாவை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவாரசியமானது. தீ மிதித்தவரின் துடிப்போடு, வெறுமனே உட்கார்ந்து பார்த்த உறவினரின் துடிப்பும் ஒத்துப்போனது. ஊருக்குப் புதியவர்களின் துடிப்பு ஒத்துப்போகவில்லை. பூக்குழி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

நாடகம் மேடையில் நடந்தால் பாதி வேலையை நடிகர் செய்துவிடுவார். பாடப்புத்தகத்தில் அச்சிட்ட நாடகம்தான் பிள்ளைகளைச் சோதிக்கிறது. பெயர், ஒரு முக்காற்புள்ளி, வசனம். குரல், தயக்கம், ஏளனம் எதுவும் தாளில் இல்லை. தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் இராமனாகவும் சீதையாகவும், கோமாளிகளான உச்சிக்குடுமியாகவும் உளுவத்தலையனாகவும் மாறி மாறிப் பேசுவாரே, நாடகத்தை மௌனமாக வாசிப்பவர் அந்தப் பாவையாட்டியின் இடத்தில் இருக்கிறார். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதைக் கருவியில் கண்டார்கள். 'நான் வரமாட்டேன்' என்று பாத்திரம் நேராகப் பேசும் வாக்கியத்தை மௌனமாக வாசிக்கும்போது, மனிதக் குரலைக் கேட்பதற்கென்றே உள்ள மூளைப்பகுதி கூடுதலாக வேலை செய்தது. தான் வரப்போவதில்லை என்று அவள் சொன்னாள் என அயற்கூற்றில் எழுதியபோது அந்த அளவு இல்லை.

அந்த உள்குரல் யாருடையது? அதே 2011-இல் இங்கிலாந்தில் வட, தென் வட்டார உச்சரிப்பு உள்ளவர்களிடம் வேடிக்கைப் பாடல்களை மௌனமாக வாசிக்கக் கொடுத்துக் கண்ணசைவை அளந்தார்கள். தன் ஊர் உச்சரிப்பில் இயைபு பொருந்தாத சொல் வந்த இடத்தில் கண் தடுமாறியது. மௌன வாசிப்பிலும் ஊர் உச்சரிப்பு போகவில்லை. அப்படியென்றால் நாகர்கோவில் பிள்ளை வாசிக்கும் நாடகத்தில், சென்னைப் பாத்திரமும் பாண்டிய மன்னனும் 'மக்கா' என்று சொல்லாவிட்டாலும் அந்த இழுவையில்தான் பேசுகிறார்கள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். நாடகப் பாடத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

இலக்கியம் வாசித்தால் பிறர் மனத்தை அறியும் திறன் கூடும் என்ற செய்தி அடிக்கடி பகிரப்படுகிறது. 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதற்கு ஆதாரம். பின்னால் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கணக்கு, பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்கிறது. ஒரு சிறுகதை ஒரு பிள்ளையை நல்லவனாக்கிவிடும் என்று மேடையில் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வாசிப்புக்கு முன்பே நடக்கும் ஒன்று. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனை அது. ஓர் அமெரிக்கச் சிறுகதையை இரண்டு குழுக்கள் கேட்டன. கதை ஒன்றேதான். தொடங்கும் முன் ஒரு குழுவிடம் மனைவி துரோகம் செய்கிறாள் என்றும், மற்றக் குழுவிடம் கணவன் வீணாகச் சந்தேகப்படுகிறான் என்றும் சொல்லப்பட்டது. ஒரே மாதிரிச் சொல்லப்பட்டவர்களின் மூளைச் செயல்பாடு தங்களுக்குள் ஒத்திருந்தது, மற்றக் குழுவிலிருந்து விலகியிருந்தது. முன்கூட்டியே காதில் போட்ட ஒரே ஒரு வாக்கியம், கேட்ட கதையையே வேறாக்கிவிட்டது.

இனி நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். விரிவானப் பகுதியில் ஒரு சிறுகதை. பிள்ளை முதலில் திறப்பது நோட்ஸ். 'தாய்ப்பாசத்தின் உயர்வை விளக்கும் கதை' என்று முதல் வரி. அதற்குப் பிறகு முட்டத்துப் பெண்ணும் குலசேகரத்துப் பையனும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். சோம்பல் என்று அவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்த வரியைப் படித்ததும் கதையில் தாய்ப்பாசம் இல்லாத இடங்கள் மங்கிப்போய்விட்டன. கதைக்கு முன்னால் நோட்ஸைத் திறக்க விடக்கூடாது என்பது என் கட்சி. பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் திறக்கட்டும்.

மங்கியதை மீட்க முடியும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1970-களில் ரிச்சர்ட் ஆண்டர்சனும் ஜேம்ஸ் பிச்சர்ட்டும், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தங்களில் ஒருவன் வீட்டுக்குப் போகும் இரண்டு சிறுவர்களின் கதையைக் கொடுத்தார்கள். சிலரைத் திருடனின் கண்ணோடும் சிலரை வீடு வாங்க வந்தவரின் கண்ணோடும் வாசிக்கச் சொன்னார்கள். திருடனுக்கு நாணயச் சேகரிப்பு நினைவிருந்தது, வாங்க வந்தவருக்குக் கூரை ஒழுகுவது நினைவிருந்தது. பிறகு பார்வையை மாற்றிக்கொண்டு மீண்டும் நினைவுகூரச் சொன்னபோது, முதல் தடவை வராத விவரங்கள் வந்தன. கதையை மறுபடி வாசிக்கவில்லை, கேள்விதான் மாறியது.

இதை வகுப்பில் செய்வதற்குப் பணச்செலவு கிடையாது. கதை முடிந்ததும் நோட்ஸ் இல்லாமல் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். அடுத்த வாரம் அதே கதையை, வாயே திறக்காமல் ஓரமாக நிற்கும் ஒரு பாத்திரத்தின் பக்கமிருந்து எழுதச் சொல்லலாம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. பாடுபவர் ஒருவரே கதை சொல்பவராகவும், மறு நொடி பாத்திரமாகவும் மாறுவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"அப்படியானால் எது எழுதினாலும் மார்க் போடணுமா சார்?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அவர்கள் எழுதியதையெல்லாம் சேர்த்து 1929-இல் நூலாக வெளியிட்டார். நன்கு படித்த அந்தப் பிள்ளைகளும் தாறுமாறாகத் தவறி வாசித்திருந்தார்கள். கவிதைக்குத் தொடர்பே இல்லாத சொந்த நினைவு குறுக்கே வந்து விழுவதும், கைவசம் தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்து ஒட்டிவிடுவதும் அவர் கண்ட கோளாறுகளில் சில. ஆகவே திருத்தும்போது பார்க்க வேண்டியது, அந்தப் பதில் கதையின் எந்த வரியைத் தொட்டு நிற்கிறது என்பது. முட்டத்துப் பெண்ணின் பயத்துக்கும் குலசேகரத்துப் பையனின் அலட்சியத்துக்கும் முதல் வரி இடம் கொடுக்கிறது, இரண்டுக்கும் மார்க் உண்டு. மூன்றாம் பத்தியில் அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான் என்று வந்த பிறகும் பையன் ரப்பர்ப் பாலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால், அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடலாம்.