“மருந்து குடிச்சேன் பாட்டி”

மதியச் சாப்பாடு முடிந்து வீடே அசந்திருந்த நேரம். மூன்றரை வயதுப் பேத்தி கொட்டகைப் பக்கமிருந்து வந்து பாட்டியின் மடியில் சாய்ந்துகொண்டாள். “மருந்து குடிச்சேன் பாட்டி. கசக்குது” என்றாள். நான்கு நாளாக அவளுக்கு இருமல். அன்று காலையில் இருமல் சிரப் கொடுத்ததே பாட்டிதான். அப்பாவோ அம்மாவோ மறுபடி ஒரு வேளை கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, “மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், சமத்து” என்று தலையைத் தடவிவிட்டிருக்கிறார். வாடை தெரியவில்லையா என்று பிறகு கேட்டேன். காலையிலிருந்து வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளும் அதே வாடைதான் இருந்தது என்றார்.

அரை மணி நேரத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. கண்ணில் நீர், உடம்பெல்லாம் வியர்வை, உடுத்தியிருந்த துணியிலேயே சிறுநீர். என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது அவளுடைய கண்மணிகள் குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தன. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சு முழுக்கக் களகளவென்று நீர்ச் சத்தம். இந்தக் கோலத்தில் ஒரு குழந்தையைப் பார்த்தால் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி. அதற்கு முறிவு மருந்தான அட்ரோபின் போட ஆரம்பித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நெஞ்சில் நீர் வற்றும்வரை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனோம். பிழைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

குழந்தை மருத்துவராக இத்தனை வருடத்தில் பண்ணை வீடுகளிலிருந்து வரும் விஷக் கேஸ்கள் நிறையப் பார்த்துவிட்டேன். இந்தக் கேஸ் மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. காரணம், அந்தக் குழந்தை எதையும் மறைக்கவில்லை. செய்ததைச் செய்தபடி, உடனே, சரியான ஆளிடம் சொன்னாள். நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த சொல்லில்தான் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். பூச்சிமருந்து, களைமருந்து, எலிமருந்து. “மருந்து அடிச்சாச்சா?”, “மருந்து கலக்கணும்”, “கொஞ்சம் மருந்து இருந்தா குடுங்க” என்று நாளெல்லாம் குழந்தையின் காதில் விழுகிறது. அதே குழந்தையிடம் காய்ச்சல் வந்தால், “மருந்து குடிச்சாதான் சரியாகும்” என்று கெஞ்சுகிறோம். குடிக்காவிட்டால்தான் திட்டு விழும். செடிக்கு நல்லது செய்வதும் மருந்து, தனக்கு நல்லது செய்வதும் மருந்து. அவள் கணக்கில் தப்பே இல்லை. அதனால் என்னிடம் வரும் குடும்பங்களிடம் முதலில் நான் கேட்டுக்கொள்வது காசு செலவில்லாத ஒரு காரியம்: குழந்தை முன்னால் அதை ‘விஷம்’ என்றே சொல்லுங்கள். “அப்பா விஷம் அடிக்கப் போறார், வெளியே வராதே.” காதுக்கு நன்றாகத்தான் இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, அது எப்படிக் குழந்தையின் கைக்கு வந்தது? அப்பா இரண்டாம் நாள்தான் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர் அரை லிட்டர் கேட்டிருந்தார். பெரிய கேனை அப்படியே கொடுக்க முடியாது. குளிர்பானம் குடித்துவிட்டு எடுத்துவைத்திருந்த காலி பாட்டில் கிடந்தது. அதில் ஊற்றி, நாளைக்குக் கொடுக்கலாம் என்று கொட்டகையின் திண்டில் வைத்திருந்தார். ஊற்றும்போது மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓட, மூடியைச் சும்மா வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறார். திருகவில்லை.

இதில் அலட்சியமான ஆள் யார்? எனக்குத் தெரிந்தவரை யாருமில்லை. நிலத்தில் வாழ்கிற குடும்பம் எதையும் வீணாக்காது. காலி டப்பா ஆணிப்பெட்டியாகும், கிழிந்த சாக்கு கால்மிதியாகும், நல்ல மூடியுள்ள பாட்டில் என்றைக்காவது உதவும். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத பழக்கமும் உண்டு. சிக்கனமும் உபகாரமும் சேர்ந்த இடத்தில்தான் விஷம் தன் சொந்தப் பாட்டிலை விட்டு இன்னொரு பாட்டிலுக்குள் போகிறது. போனதுமே அதன் பெயர், எச்சரிக்கைப் படம், முறிவு விவரம், குழந்தை திறக்க முடியாத மூடி எல்லாம் பழைய பாட்டிலோடு போய்விடுகின்றன. மிஞ்சுவது, எப்போதும் இனிப்பாக ஏதாவது இருக்கும் பாட்டில் என்று குழந்தைக்குத் தெரிந்த ஓர் உருவம் மட்டும்.

பக்கத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டுமானால் அவருடைய தெளிப்பானை எடுத்துவரச் சொல்லி, வேண்டிய அளவை நேரே அதில் அளந்து ஊற்றுங்கள். முடியவில்லையென்றால் கேனையே கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி, மேலே பேனாவால் எழுதி ஒட்டுகிறேன் என்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: மூன்று வயதுக்குப் படிக்கத் தெரியுமா?

மூடி விஷயத்திலும் நமக்கு ஒரு மிதப்பு உண்டு. ‘குழந்தை திறக்க முடியாத மூடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது அப்படியொன்றும் திறக்கவே முடியாதது அல்ல. மறுபடி மூடக்கூடிய பாட்டில்களுக்கான ஐஎஸ்ஓ 8317 தரத்தின்படி, 42 முதல் 51 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதல் 5 நிமிடத்தில் 85 சதவீதத்தினர் திறக்காமல் இருக்க வேண்டும். பிறகு எப்படித் திறப்பது என்று செய்துகாட்டி, இன்னும் 5 நிமிடம் கொடுக்கிறார்கள். கடைசியில் 80 சதவீதத்தினர் தோற்றால் மூடி பாஸ். அதாவது பத்து நிமிடம் கிடைத்தால் ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் தரச்சான்று கிடைத்துவிடும். அந்த மூடி நமக்கு வாங்கித் தருவது சில நிமிடங்களைத்தான். அதையும் சரியாகத் திருகி மூடினால்தான்.

மண்ணெண்ணெயும் இதே வழியில்தான் வருகிறது. மோட்டார் பாகங்களைக் கழுவ ஒரு டம்ளரில் ஊற்றி வைப்பார்கள். வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தை தண்ணீர் என்று வாயில் வைத்துவிடும். இங்கே எல்லோரும் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் மண்ணெண்ணெய் கெடுப்பது நுரையீரலை. அது தண்ணீரைவிட லேசாக வழுக்கிப் பரவும் திரவம். ஒரு வாய் எடுத்ததும் புரையேறும், அந்த மூச்சிழுப்பில் கொஞ்சம் காற்றுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அந்தக் கொஞ்சமே நுரையீரலைப் புண்ணாக்கி நிமோனியா கொண்டுவரப் போதும். வாந்தி எடுக்க வைத்தால் வயிற்றில் பேசாமல் கிடந்ததும் மேலேறி, இரண்டாவது முறையாக நுரையீரலுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம். தொண்டையில் விரல் விட்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து, குழந்தையை முடிந்தவரை சோர்வாக்கித் தூக்கிவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் உப்புக் கரைசலே ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி ஒரு சின்னக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். பால், எண்ணெய், முட்டை என்று எதுவும் வேண்டாம். குடித்தபோது இருமினானா, புரையேறியதா என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் ஆறு மணி நேரமாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்திருப்போம். “நல்லாத்தானே ஓடுறான், எதுக்கு டாக்டர்?” என்று கேட்காதீர்கள்.

‘நல்லாத்தானே இருக்கிறான்’ என்பது எலிமருந்தில் இன்னும் மோசமான பொறி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்ற குழந்தை இரண்டு மூன்று நாள் எதுவுமே நடக்காதது போலத் திரியும். ரத்தக்கசிவு அப்புறம்தான் தெரியும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையில் முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி, பிறகு ஓரிரு நாள் தெளிவு. வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. ஒரு வாய் என்றாலும் அதே மணி நேரத்தில் கிளம்பியாக வேண்டும்.

பூச்சி, பூஞ்சை தாக்காமலிருக்க விஷம் பூசி விதை நேர்த்தி செய்த விதைகளையும் யாரும் விஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. தின்னக் கூடாது என்று பெரியவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அதற்குச் சிவப்பு, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். குழந்தைக்கு அது மிட்டாய். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்துகள் சமையலறை ஃபிரிட்ஜில் பால் பக்கத்தில் இருக்கும். பால் கறக்கும் கருவியைக் கழுவும் காரக் கரைசலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காஸ்டிக் சோடா கலந்த அந்தத் திரவம் உணவுக்குழாயை ஆழமாக அரித்துவிடும். உயிர் தப்பினாலும் குழாய் சுருங்கி, அதை விரிப்பதற்காகவே ஒரு குழந்தை வருடக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்க நேரும். காரத்துக்கு அமிலம் கொடுத்தால் சரியாகும் என்று வினிகர் கொடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட அறிக்கை, 2004-ம் ஆண்டில் மட்டும் 20 வயதுக்குட்பட்ட 45,000-க்கும் மேற்பட்டோர் விஷத்தால் இறந்ததாகக் கணக்கிட்டது. அந்த எண்ணைவிட எனக்குப் பயம் தருவது இன்னொரு சின்ன எண்: ஒரு நடைபயிலும் குழந்தையின் ஒரு மிடறு சுமார் 5 மில்லி. ஒரு டீஸ்பூன். சில விஷங்களுக்கு அது போதும்.

விஷம் வாய் வழியாக மட்டும்தான் வரும் என்றும் இல்லை. மருந்து அடித்துவிட்டு... பாருங்கள், எனக்கே வாயில் வருகிறது. விஷம் அடித்துவிட்டு வீட்டுக்கு வரும் அப்பாவை நோக்கி முதலில் ஓடிவருவது குழந்தைதான். வியர்வையில் ஊறிய சட்டையோடு அதைத் தூக்கி முத்தம் கொடுப்பார். ஆர்கனோபாஸ்பேட் தோல் வழியாகவும் உள்ளே போகும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம். முதலில் குளியல், அப்புறம் கொஞ்சல். காலணி வாசலோடு நிற்கட்டும். அந்தத் துணியைக் குழந்தையின் துணியோடு ஊறப்போடாதீர்கள். துவைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். ஒரு வீட்டில் அப்பா நான் சொன்னதைக் கேட்டு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். அம்மாதான் அந்தத் துணியை வெறுங்கையால் கசக்கிவிட்டு அப்படியே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தார். அவரிடம் யாருமே எதுவும் சொல்லியிருக்கவில்லை.

காலியான கேனையும் விட்டுவைக்காதீர்கள். கரைசல் கலக்கும்போதே மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு கேனில் ஓட்டை போடுங்கள். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. தண்ணீர் பிடிக்க, தீவனம் அள்ள அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்வதற்குத்தான் அந்த ஓட்டை. நல்ல கேனைக் குத்திக் கெடுக்கும்போது தாத்தாக்களுக்கு வயிறு எரியும். சமாளித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குழந்தை எதையாவது குடித்துவிட்டால்? வாயில் மிச்சம் இருந்தால் துடைத்தெடுங்கள். உடம்பில் சிந்தியிருந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், கையுறையோடு. அந்தப் பாட்டிலையோ, ஊற்றி எடுத்த மூலக் கேனையோ கையோடு கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் லேபிளை போனில் படம் எடுங்கள். எனக்கு வேண்டியது முகப்பில் பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயர் அல்ல, கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரசாயனத்தின் பெயர். எத்தனை மணிக்கு, பாட்டிலில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுங்கள். யார் வைத்தது என்ற சண்டையை என் அறையில் போடாதீர்கள். அந்தச் சண்டைக்குப் பயந்தே சில வீடுகளில் உண்மை இரண்டு மணி நேரம் தாமதமாக வெளிவருகிறது. என் வீட்டிலும் கழிவறை கழுவும் திரவத்தின் மிச்சம் தண்ணீர் பாட்டிலில் இருந்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன். ஊற்றிவைத்ததும் நான்தான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் குழந்தையை மறுபரிசோதனைக்கு அழைத்துவந்தார்கள். நெஞ்சு சுத்தம், எடையும் ஏறியிருந்தது. அப்பா பெருமையாகச் சொன்னார்: “இரும்புப் பெட்டி வாங்கி எல்லாத்தையும் உள்ளே வச்சுப் பூட்டிட்டேன் டாக்டர். சாவி யாருக்கும் தெரியாத இடத்துல இருக்கு.” நான் குழந்தையைப் பார்த்து, “அப்பா சாவியை எங்கே வைக்கிறார், தெரியுமா?” என்றேன்.

“கொட்டகைக் கதவுக்குப் பின்னாடி, ஆணியில” என்றாள். “பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஏறுனா எட்டும்.”

பாட்டி மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசவில்லை.