கேம்ப்: முகாம் இல்லை, தளுக்கு

கேம்ப் என்றதும் நமக்குக் கண் மருத்துவ முகாமோ என்.சி.சி. முகாமோதான் ஞாபகம் வரும். ஒரு புகைப்படக்காரரின் படங்களை ஆங்கிலத்தில் 'கேம்ப்' (camp) என்று சொன்னால் அது வேறு சொல் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே 'முகாம்' என்று எழுதினால் அர்த்தமே போய்விடும்.

இந்த 'கேம்ப்' பிரெஞ்சு வினைச்சொல்லான 'ஸ காம்பே'யிலிருந்து வந்தது என்பது பலரும் ஏற்கும் ஊகம். காலை ஊன்றி, எல்லாரும் பார்க்கும்படி நிற்பது என்று பொருள். 1671இல் அரங்கேறிய, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகம் ஒன்றில் ஒரு வேலைக்காரன் இன்னொருவனுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பான்: ஒரு காலை ஊன்று, கையை இடுப்பில் வை, கண்ணை உருட்டு, நாடக ராஜா மாதிரி நட. அந்த 'ஊன்று' என்ற இடத்தில் இதே வினைதான் வருகிறது. 1909இல் வந்த ஓர் ஆங்கிலக் கொச்சைச் சொல் அகராதி, மிகையாக அழுத்திக் காட்டும் செய்கையும் சைகையும் 'கேம்ப்' என்று பதிவு செய்தது. ஆண்களை விரும்பும் ஆண்களிடையே புழங்கிய இந்தச் சொல்லுக்கு, 1964இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஒரு தனி ரசனையின் பெயர் என்ற மதிப்பு வந்தது.

என்ன ரசனை அது? ஜேம்ஸ் பிட்குட் எடுத்த படங்களைப் பார்த்தால் புரியும். 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்தவர். நியூயார்க் வந்து பெண் வேடமிட்டு மேடையேறினார், கடைகளின் கண்ணாடிக் காட்சிகளை அலங்கரித்தார், உடைகள் தைத்தார். அன்றைய உடற்கட்டு இதழ்களில் வந்த ஆண்களின் படங்கள் வறட்சியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. 1960களின் தொடக்கத்தில் தன் சின்ன அடுக்ககத்திலேயே கடலடி உலகம் ஒன்றைக் கட்டினார். தரையில் விரித்த வெள்ளிச் சரிகைத் துணிதான் கடல். மெழுகுத் தாளை வளைத்துக் குகை. சிவப்புச் சரிகையில் சிங்கி இறால். நடுவே உடம்பில் எண்ணெயும் ஜிகினாவும் பூசிய ஓர் இளைஞன். எல்லாம் துணி, தாள் என்று பார்த்ததுமே தெரியும். தெரிந்தும் மயங்குகிறோம் பாருங்கள், அதுதான் கேம்ப். 'பிங்க் நார்சிசஸ்' என்ற திரைப்படத்தையும் பெரும்பாலும் அதே வீட்டுக்குள், பல ஆண்டுகள் எடுத்தார். படம் கைவிட்டுப் போய் வேறொருவர் தொகுத்ததால், 1971இல் இயக்குநர் பெயரில்லாமலே வெளியானது. அவர்தான் எடுத்தார் என்று உலகம் அறிய 1990கள் ஆயிற்று. 2022இல் காலமானார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'போலித்தனம்' என்றால் வசை. இங்கே ஏமாற்று எதுவும் இல்லை, ஒவ்வொரு ஜிகினாத் துணுக்கும் ஆசையோடு ஒட்டப்பட்டது. 'மிகை' என்பது அளவை மட்டும் சொல்கிறது, மினுக்கைச் சொல்லவில்லை. 'பகட்டு' பணத்தின் பக்கம் சாய்கிறது. என் தேர்வு 'தளுக்கு'. மினுமினுப்பு என்ற பொருளும் அதில் உண்டு. தளுக்கிக் குலுக்கி நடப்பது என்கிறோமே, அந்த உடல் பாவனையும் உண்டு. அதில் கொஞ்சம் கேலி ஒட்டிக்கொண்டிருப்பது உண்மைதான். பெண்மை தெரிய நடக்கும் ஆண்களைச் சீண்ட 'கேம்ப்' என்ற சொல்லையும் அப்படித்தான் வீசினார்கள். அவர்களில் பலர் அதையே எடுத்து உரிமையோடு சூடிக்கொண்டார்கள். தமிழிலும் அப்படி நடக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அப்புறம் இன்னொன்று. ஆண் உடலை ஆண் ஆசையோடு பார்க்கும் இப்படிப்பட்ட கலையை 'ஓரினச்சேர்க்கைக் கலை' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் படுக்கையோடு நின்றுவிடுகிறது. இந்தப் படங்களில் இருப்பது பார்வையும் ஏக்கமும். 'தன்பாலீர்ப்பு' பொருத்தமான சொல், புழக்கத்திலும் இருக்கிறது. ஆக, பிட்குட் எடுத்தவை தளுக்கான தன்பாலீர்ப்புப் படங்கள்.