ஃபைபரில் எரிவது எது?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே எல்லாருக்கும் அது வெறும் ‘ஃபைபர்’தான். கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காகப் போட்டு, ரெசின் என்கிற பிசினைப் பூசி, இறுகவிட்ட தகடு என்று யாரும் நின்று விளக்கம் சொல்வதில்லை. ஒருநாள் கிரைண்டர் பொறி போய் அசிட்டோன் நனைத்த கந்தலில் விழுந்து, அதிலிருந்து ஃபைபர் தடுப்புச் சுவரின் ஓரம் பிடித்துக்கொண்டது. கையகல நெருப்புதான், அணைப்பானை அடித்து முடித்துவிட்டோம். ஆனால் அப்புறம் எங்களோடு இருந்த ஒரு அண்ணன் சுவரின் மறுபக்கம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, இந்தப் பக்கம் ஜில்லுனு இருக்கு” என்றார். நெருப்புப் பிடித்த பக்கம் கருகிப் புகைகிறது, ஒரு சென்டிமீட்டர் தாண்டி ஒன்றுமே நடக்கவில்லை. இதுவே எஃகுச் சுவராக இருந்தால் கை வெந்திருக்கும், மறுபக்கத்துப் பெயின்ட்டும் கொப்பளித்திருக்கும்.

அப்படியானால் ஃபைபர் எஃகைவிட நல்லதா? அங்கேதான் சிக்கல். எஃகு தானாக எரியாது, ஃபைபர் எரியும். மறுபக்கத்தை ஜில்லென்று வைத்திருந்த அதே குணம்தான் இந்தப் பக்கம் சீக்கிரம் தீப்பிடிக்கவும் காரணம்.

எஃகோடு ஒப்பிட்டால் கண்ணாடி நார்த் தகடு வெப்பத்தைக் கடத்துவதில் நூறு மடங்குக்கும் மேல் மந்தம். மேலே விழுந்த வெப்பம் உள்ளே இறங்க வழியில்லாமல் தோலிலேயே தங்கிவிடும். தோல் மட்டும் மளமளவென்று சூடேறும். 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே பல ரெசின்கள் இளகத் தொடங்கிவிடும். சுவர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், சுமை தாங்கும் பலம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். 300, 400 டிகிரிக்குள் ரெசினின் நீண்ட மூலக்கூறுகள் துண்டுதுண்டாக உடைந்து வாயுவாகி வெளியே வருகின்றன. படகு வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் என்றால் அந்த வாயுவில் ஸ்டைரீன் நிறைய இருக்கும். ரெசின் பூசும்போது மூக்கில் ஏறுமே, அதே சரக்குதான். நம் கண்ணுக்குத் தெரியும் சுடர் அந்த வாயு காற்றோடு கலந்து எரிவது. கண்ணாடி நார் இதில் சேர்வதே இல்லை. சாதாரண கண்ணாடி நார் இளகவே 800 டிகிரிக்கு மேல் ஆகும்.

தீபாவளிக்கு அகல் ஏற்றும்போது கவனித்திருப்பீர்கள், எண்ணெய் இருக்கும்வரை திரி அவ்வளவாகக் கருகாது. எண்ணெயை மேலே கொண்டுவந்து கொடுப்பதுதான் அதன் வேலை. கண்ணாடி நார் கலந்த நைலான் போன்ற உருகும் பிளாஸ்டிக்குகளிலும் இதே கதைதான், உருகிய பிளாஸ்டிக்கை நார்கள் திரிபோல உறிஞ்சிச் சுடருக்கு ஊட்டிவிடும். படகு ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் திரும்ப உருகாது, அதனால் அங்கே திரி வேலை நடக்காது.

சரி, பரவுவது எப்படி? சுடர் தனக்கு முன்னால் இருக்கும், இன்னும் பிடிக்காத பகுதியைச் சூடாக்க வேண்டும். அது வாயு விடும் நிலைக்கு வந்ததும் சுடர் அங்கே தாவும், பிறகு அதற்கடுத்த பகுதி. எவ்வளவு நீளத்துக்குச் சூடு முன்கூட்டியே போய்ச் சேர்கிறது, பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, இந்த இரண்டும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சுவரில் தீ மேல்நோக்கிப் போகும்போது சுடர் முழுசாகச் சுவரோடு சாய்ந்துகொண்டு தனக்கு மேலுள்ள பகுதியை நக்கிக்கொண்டே போகிறது, அதனால் வேகம். கீழ்நோக்கி வரும்போது சூடேறுவது ஓரத்தில் ஒரு சில மில்லிமீட்டர்தான், ஊர்ந்துதான் வரும்.

நடுப்பகல் சிங்கப்பூர் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் வெப்பம் கொடுக்கிறது. நன்றாகப் பற்றிய தீயின் பக்கத்தில் இது 50ஐத் தொடும், அந்த அளவில் பாலியெஸ்டர் ஃபைபர் தகடு சுமார் ஒரு நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். இதில் மோசமான கணக்கு ஒன்று உண்டு: தடிமனான தகட்டில் விழும் வெப்பம் இரண்டு மடங்கானால், பற்றும் நேரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். மூடிய கேபினுக்குள் கூரையடியில் சூடான புகை தேங்கத் தொடங்கினால் அதுவே மேலிருந்து அடுப்பு மாதிரி எல்லாவற்றின் மீதும் வெப்பத்தைக் கொட்டும். அதுவரை ஊர்ந்த தீ திடீரென்று ஓடுவது இதனால்தான்.

மேல் அடுக்கின் ரெசின் எரிந்து தீர்ந்ததும் வெறும் கண்ணாடித் துணி மிச்சம் நிற்கும். அது கீழே உள்ள ரெசினுக்கு ஒரு போர்வை, தீ கொஞ்சம் அடங்கும். ஆனால் உள்ளே உண்டான வாயு வெளியேற வழி தேடி அடுக்குகளைப் பிளக்கும், படபடவென்று சத்தம்கூடக் கேட்கும். அறுத்துவிட்ட ஓரங்கள் இருந்தால் வாயு நார்களின் வழியே அங்கே வந்து பீறிடும். எங்கள் சுவரில் ஓரம் முதலில் பிடித்ததில் ஆச்சரியமில்லை. கார்பன் நார் என்றால் கதை இன்னும் மாறும். அது நார் போகும் திசையில் வெப்பத்தை நன்றாகவே கடத்தும், குறுக்கே கடத்தாது. அதனால் நார் ஓடும் பக்கம் ஒரு வேகம், குறுக்கே வேறு வேகம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 2017இல் இங்கே தோ குவான் சாலைக் கட்டடத்தில் வெளிச்சுவர்ப் பலகைகள் எரிந்ததையும், அதே வருடம் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததையும் சிலர் ஃபைபர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கிரென்ஃபெலில் இருந்தது இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக், நார் கிடையாது. அது உருகிச் சொட்டி கீழேயும் தீ வைக்கும். படகு ஃபைபர் சொட்டாது.

விமானத்துக்கு வருவோம். சாங்கியில் தினமும் இறங்கும் ஏர்பஸ் ஏ350இன் உடல் பெரும்பாலும் கார்பன் நார்க் கூட்டுப்பொருள். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோ ஹனேடாவில் ஒரு ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். ஏ350இல் இருந்த 379 பேரும் வெளியேறிவிட்டார்கள். எரிபொருள் தீயில் மெல்லிய அலுமினியத் தோல் ஒரு நிமிடத்தை ஒட்டி உருகி ஓட்டையாகிவிடும், கார்பன் நார்த் தோல் அதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பிறகு அந்த உடல் மணிக்கணக்கில் எரிந்தது. 2013இல் லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த ஒரு போயிங் 787 விமானத்தில் அவசர சமிக்ஞைக் கருவியின் லித்தியம் பேட்டரி எரிந்தபோதும், பேட்டரியின் சூடு தீர்ந்த பிறகு கூரைப்பகுதி ரெசின் தானே எரிபொருளாகி, தீ மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் உள்ளே இல்லை.

அப்படியிருக்க ஏன் பயன்படுத்துகிறார்கள் என்றால், தேவை அப்படி. நம் கடற்படையின் கண்ணிவெடி தேடும் கப்பல்களுக்கு பிடோக், காலாங், காத்தோங், பொங்கோல் என்று நம் பேட்டைப் பெயர்கள்தான், உடல் கண்ணாடி நார். எஃகின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிவெடிக்குப் பக்கத்தில் எஃகை எடுத்துப் போகவா முடியும்?

மாற்றுவழி ரெசினில் இருக்கிறது. ஃபீனாலிக் ரெசின் எரியும்போது வாயுவாகப் போவதைவிட நிறையக் கரியாக நின்றுவிடும், அந்தக் கரியே கவசம். விமானத்துக்குள் பலகைகளுக்கு அதைப் பயன்படுத்துவது இதனால்தான். பாலியெஸ்டரில் அலுமினியம் ஹைட்ராக்சைடு தூள் கலப்பதும் உண்டு. 200 டிகிரியை ஒட்டி அது உடைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக நீராவி விடும். செலவும் குறைவு. என்ன, நிறையப் போட்டால்தான் பலன், அவ்வளவு போட்டால் ரெசின் கஞ்சி மாதிரி கெட்டியாகித் துணியில் ஊறாது, பூசுகிறவர் திட்டுவார்.

அன்றைக்கு அணைத்துவிட்டோம் என்று கிளம்பப் பார்த்தவர்களை அந்த அண்ணன்தான் நிறுத்தினார். இன்னொரு முறை தண்ணீர் அடித்துவிட்டு ஆளுக்கொரு கோப்பி வாங்கிவரச் சொல்லி, சுவருக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். இருபதாவது நிமிடம் கருகிய ஓரத்தின் பிளவுக்குள்ளிருந்து மெல்லிய புகை மறுபடி கிளம்பியது. வெப்பம் உள்ளே போவது எவ்வளவு மந்தமோ, வெளியே வருவதும் அவ்வளவு மந்தம்.