சோல்-ஜெல்: எது கூழ், எது களி?

கரைசலைத் தளத்தில் பூசி, சூடேற்றி, மென்படலம் எடுக்கிற வேலை எதுவானாலும் சென்னை ஆய்வுக்கூடப் பேச்சில் அது ‘சோல்-ஜெல்’தான். குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகிற மீக்கடத்திப் பீங்கான் படலத்துக்கும் அதே பேர். பாதி நேரம் அது தப்பு.

ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1860-களில் கொண்டுவந்த சொற்கள் இவை. கரைசலுக்கான ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி சோல். ஜெலட்டினின் தலைப்பகுதி ஜெல், அதன் லத்தீன் வேருக்கு உறைதல் என்று பொருள். நுண்துகள்கள் திரவத்தில் மிதந்து ஓடினால் சோல்; அவையே பிணைந்து வலையாகி, திரவத்தை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் ஜெல்.

தமிழில் கூழ், களி என்றே சொல்லலாம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழ் ஓடும், களி ஓடாது. (வீட்டில் களியைக் கரைத்துத்தான் கூழாக்குகிறோம், ஆய்வுக்கூடத்தில் நேர்மாறு.) கொலாய்டுக்கு (நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவை) கூழ்மம் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால், சோலைத் தனியாகச் சொல்லும்போது கூழ்மக்கரைசல் என்பது குழப்பம் தராது. செய்முறைக்கு ‘கூழ்-களி முறை’ போதும்.

சரி, மீக்கடத்திக்கு வருவோம். 1987-இல் கண்டறிந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு சுமார் 92 கெல்வினுக்குக் கீழே மின்தடை இழந்துவிடும், அதாவது 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். இதைப் படலமாக்கப் பெரிதும் கையாளும் முறையில் மூன்று உலோகங்களின் ட்ரைஃபுளோரோஅசிடேட் (ஃபுளோரின் சேர்ந்த அசிடேட்) உப்புகளையும் மெத்தனாலில் கரைக்கிறார்கள். நீல நிறக் கரைசல் வரும். நகத்தளவு படிகத் துண்டில் ஒரு சொட்டு விட்டு வேகமாகச் சுழற்றினால் மிச்சம் ஓரத்தில் தெறித்துப்போய் மெல்லிய பூச்சு மட்டும் நிற்கும். அதை உடனே உலைக்குள் வைக்க வேண்டும், ஏனென்றால் அது ஈரத்தை இழுக்கிற சரக்கு, சென்னைக் காற்றைக் கேட்கவே வேண்டாம், கொஞ்சம் அசந்தால் மங்கிவிடும். சுமார் 400 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏற்றிக் கரிமப் பகுதியைச் சிதைத்து, பிறகு 750-க்கு மேல் நீராவி கலந்த வாயுவில் வைத்தால் ஃபுளோரின் வெளியேறிப் படிகம் வளர்கிறது. கடைசியில் வெப்பத்தைக் குறைத்து ஆக்சிஜன் ஊட்ட வேண்டும், அது ஏறாவிட்டால் மீக்கடத்தல் கிடையாது. ஃபுளோரின் எதற்கு என்றால், வெறும் அசிடேட் எடுத்தால் பேரியம் கார்பனேட் உருவாகிப் படிக எல்லைகளில் உட்கார்ந்து மின்னோட்டத்தை மறிக்கும், அதைத் தவிர்க்கத்தான்.

இதில் எங்கேயும் வலைகட்டிய களி உருவாகவில்லை பாருங்கள். ஆகவே இதற்கு உலோகக்கரிமச் சிதைவு முறை என்பதுதான் சரி. பொதுப்பேர் வேண்டுமென்றால் வேதிக்கரைசல் படிவு முறை. ஆல்காக்சைடை (உலோகத்தோடு ஆல்கஹால் பகுதி சேர்ந்த சேர்மம்) நீராற்பகுத்து, அதாவது தண்ணீரால் பிளந்து, கரைசல் உண்மையிலேயே கட்டியாகிற இடத்தில் மட்டும் கூழ்-களி என்று எழுதுங்கள்.